ஆவாரம்பூ தேநீர்: அறிந்து அருந்துவோம்

மார்கழி நிறைந்து தை பிறக்கும் வேளையில், கொங்கு நாட்டு ஊர்களுக்குச் சென்றால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வீட்டு வாசல் நிலையில், மாட்டுத் தொழுவத்தின் முகப்பில், கிணற்று மேட்டில், குலதெய்வக் கோயிலின் படியில் ஒரு சிறு கொத்துச் செருகப்பட்டிருக்கும். வேப்பிலை, வெண்ணிறச் சிறுபீளை, பொன்னிற ஆவாரம்பூ ஆகிய மூன்றும் சேர்ந்த கொத்து அது. அதற்குக் காப்புக் கட்டு என்று பெயர். வரப்போகும் ஆண்டில் நோய் நொடி அணுகாமல் இல்லத்தைக் காக்க வேண்டும் என்பதே அந்தக் கொத்தின் வேண்டுதல்.

காப்பாக வாசலில் நின்ற அந்தப் பூ, அண்மைக் காலத்தில் நம் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. கோயில் வாசல் கடைகளிலும், நாட்டு மருந்துக் கடைகளிலும், பெரிய அங்காடிகளிலும் ‘ஆவாரம்பூ தேநீர்’ என்ற பெயரில் உலர்ந்த பூவும் பொடியும் விற்பனையாகின்றன. காலைக் காப்பிக்கு மாற்றாக இதனை அருந்தும் மூத்தோர் பலர். சர்க்கரை நோய்க்கு இதுவே போதும் என்று சொல்வோரும் பெருகிவிட்டனர். இந்தப் பூவால் விளையும் நன்மை எவ்வளவு, எல்லை எதுவரை, எச்சரிக்கை எங்கே என்பவற்றை மூத்த அன்பர்களோடு நிதானமாகச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழ் அறிந்த மலர்

ஆவாரைக்குச் சங்கத் தமிழில் ‘ஆவிரை’ என்று பெயர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்துரைக்கும் மலர்களின் நீண்ட வரிசையில் ஆவிரையும் இடம்பெறுகிறது. காதல் கைகூடாத தலைவன் மடலேறும்போது எருக்கு, பூளை ஆகியவற்றோடு ஆவிரையையும் சூடுவான் என்பது அகப்பாடல்கள் காட்டும் வழக்கு. ஈராயிரம் ஆண்டுகளாக நம் மண்ணில் நம்மோடு வாழ்ந்து வரும் செடி இது.

தெலுங்கில் இதன் பெயர் தங்கேடு. தெலங்கானாவில் பெண்கள் கொண்டாடும் பதுக்கம்மா விழாவில், மலர்களை அடுக்கடுக்காகக் கோபுரம்போல் எழுப்பித் தேவியாகவே வழிபடுவார்கள். அவ்வடுக்கில் தங்கேடு மலருக்குச் சிறப்பிடம் உண்டு. அந்த மாநிலத்தின் மலரும் அதுவே. கடல் கடந்து இலங்கைக்குச் சென்றால், சிங்கள மக்கள் இதனை ரணவரா என்பர். ரணவரா தேநீர் அங்கே இல்லந்தோறும் பழக்கமான பானம். ஆகவே ஆவாரம்பூவை வெந்நீரில் இட்டு அருந்துவது இன்று நேற்று வந்த புதுமை அன்று.

பூ மட்டுமே பயன்பட்டது என்றும் கருத வேண்டாம். ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. தென்னிந்தியத் தோல் தொழில் நெடுங்காலம் இந்தப் பட்டையையே நம்பி நடந்தது. வெயிலில் நடைப்பயணம் செய்வோர் ஆவாரை இலையைத் தலையில் வைத்துத் துணியால் கட்டிக்கொள்வது சிற்றூர் வழக்கம். பழநிக்குப் பாதயாத்திரை சென்ற முதியோர் சிலர் இதனை இன்றும் நினைவு கூர்வர். உடற்சூடு தணிய ஆவாரம்பூவைப் பாசிப்பருப்புடன் கூட்டாகச் சமைப்பதும், நலங்கு மாவில் சேர்த்துக் குளிப்பதும் நம் பாட்டிமார் கைக்கொண்ட முறைகள்.

பெயர் ஒன்று போலிருக்கும், செடி வேறாக இருக்கும்

மருந்தைப் பற்றிப் பேசுமுன் செடியை ஐயமின்றி அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் ‘ஆவாரை’ என்று முடியும் பெயர்கள் தமிழில் பல.

முதலாவது, நாம் பேசும் ஆவாரை. ஆளுயரத்துக்கு மேல் வளரும் புதர். பூவுக்கு ஐந்து இதழ்கள். நல்ல மஞ்சள் நிறம். இலைக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இணை இணையாக அமைந்திருக்கும். அவற்றின் நுனி மழுங்கியிருக்கும். காம்பு தண்டோடு சேருமிடத்தில் காது மடல் போன்ற இலையடிச் செதில் ஒன்று அகன்று விரிந்திருக்கும். லின்னேயஸ் என்ற அறிஞர் 1753-இல் இச்செடிக்குச் சூட்டிய ‘ஆரிகுலாட்டா’ என்ற பெயருக்குக் காது போன்ற உறுப்புடையது என்பதே பொருள். காய் தட்டையாக, உலர்ந்தபின் மெல்லிய தாள்போல் இருக்கும்.

இரண்டாவது, நிலாவாரை. திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குச் செல்வது இதுவே. இதன் இலை வலிய பேதி மருந்து. மலச்சிக்கலுக்கு மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்வரை மட்டுமே கொள்ளத் தக்கது. பெயரின் ஒற்றுமையால் நிலாவாரைப் பொடியை ஆவாரைப் பொடி என்று வாங்கி நாள்தோறும் அருந்தினால், வயிற்றுப்போக்கினால் உடலின் நீரும் பொட்டாசியச் சத்தும் குறைந்துவிடும். மூத்தோருக்கு, அதிலும் இதய நோய்க்கு மருந்து உண்போருக்கு, இது பேராபத்து.

மூன்றாவது, பேயாவாரை. பொன்னாவாரை என்றும் சொல்வர். இதன் சிற்றிலைகளின் நுனி கூர்மையாக இருக்கும். கசக்கினால் வெறுக்கத்தக்க வாடை எழும். இதன் விதையை உண்ட சிறு குழந்தைகள் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்த செய்தியை உத்தரப் பிரதேச மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

எனவே, மஞ்சள் பூ என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு சாலையோரத்தில் பறித்து வருவது தகாது. செடியை நன்கறிந்த ஒருவர் காட்டித் தர வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்துப் பூவில் வண்டிப் புகையும் தூசியும் படிந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

சித்த மருத்துவம் வகுத்த முறை

சித்த மருத்துவத்தில் ஆவாரையின் பூ, இலை, பட்டை, வேர், விதை ஆகிய ஐந்தும் மருந்துக்குரியவை. ஐந்தையும் சேர்த்துச் செய்வதை ஆவாரைப் பஞ்சாங்கம் என்பர். சர்க்கரை நோயை நம் முன்னோர் நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும் வழங்கினர். அதற்குரிய புகழ்பெற்ற மருந்துகளுள் ஒன்று ஆவாரைக் குடிநீர்.

இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆவாரைக் குடிநீரில் ஆவாரை மட்டும் இல்லை. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என ஏழு சரக்குகள் அதில் சேர்கின்றன. அவற்றை இடித்து, நீரிலிட்டு, நன்கு சுண்டக் காய்ச்சி, வடித்துக் கொடுப்பது முறை. நோயாளியின் நாடி, உடற்கூறு, நோயின் நிலை ஆகியவற்றைக் கண்டபின்பே மருத்துவர் அளவைக் கூறுவார். பத்தியமும் உடன் சொல்வார்.

வெந்நீரில் நான்கு பூவைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து அருந்தும் தேநீர் வேறு. ஏழு சரக்குச் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய குடிநீர் வேறு. முன்னது ஓர் இதமான பானம். பின்னது மருந்து. பின்னதன் புகழை முன்னதற்கு ஏற்றிச் சொல்வதிலிருந்துதான் பல குழப்பங்கள் பிறக்கின்றன. மருந்தாகவே கொள்ள விரும்புவோர் தகுதி பெற்ற சித்த மருத்துவரை நாட வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. அங்கே செல்லும்போது ஏற்கெனவே உண்டு வரும் ஆங்கில மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டு செல்வது நலம்.

ஆய்வுக்கூடம் கூறுவது என்ன?

நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இவ்வளவு பேரை வருத்தும் நோய்க்கு எளிய பூ ஒன்று உதவுமா என்று அறிவியலார் ஆராய்ந்தது இயல்பே.

தில்லைக் கூத்தன் ஆடும் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை 30 நாள் கொடுத்தனர். எலிகளின் இரத்தச் சர்க்கரை குறைந்தது. இன்சுலின் அளவு உயர்ந்தது. இரத்தத்தில் உள்ள கொழுப்பின் நிலையும் சீரடைந்தது. பூவில் உள்ள ஃபிளாவனாய்டு என்னும் நிறமிச் சத்துக்களும் துவர்ப்புச் சத்தும் இதில் பங்கு கொள்கின்றன என்று கருதப்படுகிறது. முன்னோர் சொல் வெறும் கற்பனை அன்று என்பதற்கு இத்தகைய ஆய்வுகள் சான்று.

ஆயினும், வங்கியில் காலமெல்லாம் கணக்குப் பார்த்த பழக்கம் என்னை விடுவதில்லை. அந்த ஆய்வில் எலியின் உடல் எடையில் கிலோவுக்கு 0.45 கிராம் சாற்றுப் பொடி வரை கொடுத்தார்கள். அதே விகிதத்தை 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு நேராகப் பெருக்கினால் நாளொன்றுக்கு 27 கிராம் வரும். எலியின் கணக்கை மனிதனுக்கு இப்படி நேராகப் பெருக்கக் கூடாது. மருந்தியலார் அதனைப் பன்மடங்கு குறைத்தே கொள்வர். அவ்வாறு குறைத்தபின்னும் சில கிராம் சாற்றுப் பொடி வேண்டியிருக்கும். ஒரு குவளைத் தேநீரில் இரண்டு கிராம் உலர்ந்த பூவை இட்டால், நீரில் இறங்கும் சத்து அந்த இரண்டு கிராமில் ஒரு பகுதியே. ஆய்வுக்கூடத்து எலி பெற்ற பயனை நம் காலைக் குவளை அப்படியே தரும் என்று எதிர்பார்ப்பது கணக்குக்குப் பொருந்தவில்லை. மேலும், பெரும் எண்ணிக்கையிலான மனிதர்களிடம் நெடுங்காலம் நடத்திய ஆய்வு என்னும் உறுதியான ஆதாரம் மாத்திரைகளுக்கு இருப்பதுபோல் இந்தத் தேநீருக்கு இல்லை.

சர்க்கரையைக் குறைத்தது எது?

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பிரதோஷந்தோறும் கூடும் அன்பர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு. வயது 71. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை சென்று 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவதை ஒரு விரதமாகவே கொண்டிருந்தவர். வெறுங்காலுடன்தான் நடப்பார். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை உண்டு வந்தார்.

ஒருவர் சொல்லக் கேட்டு ஆவாரம்பூ தேநீர் அருந்தத் தொடங்கினார். சில வாரங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 160-இலிருந்து 138-க்கு இறங்கியது. அவருக்கு அளவற்ற மகிழ்ச்சி. பூவே போதும் என்று முடிவு செய்து மாத்திரைகளை நிறுத்திவிட்டார். மருத்துவரிடம் சொல்லவில்லை. பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை.

இதில் அவர் கவனியாமல் விட்டது ஒன்று உண்டு. தேநீருக்கு மாறுமுன் அவர் நாளுக்கு மூன்று வேளை சர்க்கரை இட்ட காப்பி அருந்துபவர். வேளைக்கு இரண்டு கரண்டி என்றால் நாளொன்றுக்கு ஆறு கரண்டி. கரண்டிக்கு ஐந்து கிராம் என்று கொண்டால் 30 கிராம் சர்க்கரை. அந்த மூன்று காப்பியும் நின்று, இனிப்பில்லாத பூந்தேநீர் அந்த இடத்தைப் பிடித்தது. இரத்தச் சர்க்கரை இறங்கியதில் உள்ளே போன பூவுக்கு எவ்வளவு பங்கு, உள்ளே போகாத சர்க்கரைக்கு எவ்வளவு பங்கு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? ஆனால் புகழ் முழுவதும் பூவுக்குப் போயிற்று. மாத்திரையின் பங்கோ கணக்கிலேயே வரவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு கோடைப் பௌர்ணமி. மாலை வெயில் தணியுமுன்னரே நடக்கத் தொடங்கினார். தார்ச்சாலையின் சூடு காலில் கொப்புளமாயிற்று. நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு மங்கியிருந்தபடியால் வலி தெரியவில்லை. பத்து நாள் கழித்து இல்லத்தரசியார் கண்டு சொன்னபோது புண் ஆழமாகியிருந்தது. மருத்துவமனையில் சோதித்தபோது சர்க்கரை 340. காலைக் காப்பாற்ற ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது அவர் மாத்திரையும் உண்கிறார். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு காலையில் ஒரு குவளை ஆவாரம்பூ தேநீரும் அருந்துகிறார். கிரிவலம் மட்டும் இல்லை. பௌர்ணமியன்று வீட்டுப் பூஜையறையில் அமர்ந்து, மனத்தால் அண்ணாமலையை வலம் வருகிறார். இதனை எழுதும்படி என்னிடம் சொன்னவரும் அவரே. “பூவின் மேல் பழி எழுதிவிடாதீர்கள். அது தன்னால் இயன்றதைச் செய்தது. நான்தான் அதனிடம் அளவுக்கு மேல் கேட்டுவிட்டேன்” என்றார்.

மருந்தோடு சேரும்போது

மாத்திரையை நிறுத்துவதில் ஓர் ஆபத்து என்றால், மாத்திரையோடு அளவின்றிச் சேர்ப்பதில் வேறோர் ஆபத்து உண்டு. இன்சுலின் போடுவோரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போரும் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும் நிலைக்கு உள்ளாகக் கூடியவர்கள். சர்க்கரையைக் குறைக்கும் தன்மையுள்ள வேறொன்று அதனுடன் சேர்ந்தால் அந்த வாய்ப்பு மிகும்.

விரத நாட்களில் இது இன்னும் கவனிக்கத் தக்கது. ஏகாதசியிலோ சஷ்டியிலோ உணவை விலக்கி, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் உண்டு, “வயிற்றுக்கு இதமாக இருக்கும்” என்று இரண்டு மூன்று குவளை ஆவாரம்பூ தேநீரும் அருந்தினால், நடுப்பகலில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல், மனக்குழப்பம் தோன்றக் கூடும். இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே தாழ்ந்ததன் அறிகுறிகள் இவை. உடனே மூன்று கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறவில்லையெனில் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். விரதம் பங்கமாயிற்றே என்று அந்த நேரத்தில் தயங்குதல் கூடாது. உயிரைக் காத்துக்கொள்வதும் அவனுக்கு உகந்ததே. விரத நாளில் எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை விடுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

சர்க்கரை மாத்திரையோடு இது நின்றுவிடவில்லை. இலங்கையில் எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், ஆவாரை சேர்ந்த தேநீரைக் கொடுத்தபோது, வலிப்பு நோய்க்குரிய கார்பமசெபைன் என்னும் மருந்தின் அளவு இரத்தத்தில் உயர்ந்தது. அம்மருந்தின் அளவு மிகுந்தால் தள்ளாட்டமும் மயக்கமும் வரும். முகநரம்பு வலிக்காக இதே மருந்தை உண்ணும் முதியோர் பலர் இருக்கின்றனர். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் இத்தேநீரைத் தொடங்க வேண்டாம்.

இல்லத்தில் செய்யும் முறை

இவ்வளவும் அறிந்தபின், நல்ல உடல்நிலையில் உள்ளோர் இந்தப் பானத்தை அளவோடு அருந்தி மகிழத் தடையில்லை. முறை எளியது.

புதிய பூவாயின் நீரில் இருமுறை அலசி, காம்பை நீக்கிக் கொள்ளவும். உலர்த்தி வைக்க விரும்பினால் வெயிலைத் தவிர்த்து, நிழலில் காற்றாட மூன்று நான்கு நாள் பரப்பி வைக்க வேண்டும். நன்கு உலர்ந்த பூவைக் கண்ணாடிச் சீசாவில் இட்டு இறுக மூடவும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததை மனம் பாராமல் எறிந்துவிட வேண்டும்.

ஒரு குவளைக்கு, அதாவது 200 மில்லி நீருக்கு, உலர்ந்த பூ ஒரு தேக்கரண்டி போதும். நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பூவை இட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டவும். நிறம் இளம்பொன்னாக இருக்கும். சுவையில் சிறு துவர்ப்பு உண்டு. விரும்புவோர் ஓர் ஏலக்காயைத் தட்டிப் போடலாம். சிறு துண்டு இஞ்சியும் சேர்க்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளோர் இதில் வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றைச் சேர்த்தல் தகாது. வெள்ளைச் சர்க்கரைதான் தீது, கருப்பட்டியும் தேனும் நன்று என்ற நம்பிக்கை பரவியுள்ளது. இரத்தத்துக்குள் சென்றபின் அவையும் சர்க்கரையே. சர்க்கரைக்காகவே ஒரு பானத்தைத் தேர்ந்து, அதில் இரண்டு கரண்டி கருப்பட்டியைக் கரைப்பது, வரவு வைத்த கையாலேயே பற்றும் எழுதுவதற்கு ஒப்பாகும்.

உணவோடு சேர்த்து அருந்த வேண்டாம். துவர்ப்புச் சத்து உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ளோரும் இரும்புச் சத்து மாத்திரை உண்போரும் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது நன்று. நாளுக்கு ஒரு குவளை போதுமானது. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்து தடுமாறும் முதியோர், எந்தப் பானமாயினும் மாலைக்குமேல் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் பொட்டலமாக வாங்கும்போது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை உள்ளனவா என்று பார்க்கவும். கூடியவரை பொடியைத் தவிர்த்து முழுப் பூவாகவே வாங்குங்கள். பொடியில் என்ன கலந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது; பூ தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும்.

தவிர்க்க வேண்டியோர்

கருவுற்ற மகளிரும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவர் சொல்லாமல் இதனை அருந்த வேண்டாம். பேரக் குழந்தைகளுக்கு நாமாகக் கொடுத்தல் கூடாது. கல்லீரல் நோய், சிறுநீரக நோய் உள்ளோர் மூலிகை எதுவாயினும் கேட்டே தொடங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்போர், தாம் அருந்தும் மூலிகைப் பானங்களை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். “பூதானே, இதைப் போய்ச் சொல்வதா” என்று கருதுவோர் பலர். உடலுக்குள் சென்று வேலை செய்யும் எதுவும் மருத்துவர் அறிய வேண்டியதே.

சர்க்கரை நோயுள்ள அன்பர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஒரு நாள் காலைச் சர்க்கரை அன்றைய கையிருப்பைக் காட்டுவது போன்றது. இந்தப் பரிசோதனையோ கடந்த மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டிவிடும். தேநீர் பயன் தருகிறதா இல்லையா என்பதை அக்கம்பக்கத்தார் சொல்லைவிட அந்த எண் தெளிவாகச் சொல்லும். மாத்திரையைக் குறைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த எண்ணைப் பார்த்த மருத்துவரே.

இன்னொன்று, பாதங்களைப் பற்றியது. கோடையில் பிராகாரத்துக் கருங்கல் தளம் நெருப்பாய்க் கொதிக்கும். பாதத்தில் உணர்வு குறைந்தோர் காலை இளவெயிலிலோ அந்தி சாய்ந்தபின்போ தரிசனத்தை வைத்துக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, அடிப்பாகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவர்கள் வீட்டில் உள்ளோரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இறைவனின் திருவடியைத் தேடிச் செல்லும் நம் அடிகளையும் பேணுவது நம் கடமையன்றோ!

மருந்தும் அவனே

புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீஸ்வரன் கோயிலில் இறைவனே வைத்தியநாதனாக எழுந்தருளியிருக்கிறான். 4,448 நோய்களையும் தீர்ப்பவன் என்று அடியார்கள் அவனைப் போற்றுகின்றனர். அம்மை தையல்நாயகி, தைலப் பாத்திரத்தோடு உடன் நிற்கிறாள் என்பது தல மரபு. அத்தலத்தில் தன்வந்திரிக்கும் சந்நிதி உண்டு. திருச்சாந்துருண்டை என்னும் மருந்தே அங்கே பிரசாதம். நினைத்த மாத்திரத்தில் நோய் தீர்க்க வல்லவன், மருந்தையும், மருந்து ஏந்திய தேவியையும், மருத்துவக் கடவுளையும் ஏன் அருகில் வைத்துக்கொண்டான்? நோயுற்றோர் முறைப்படி மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்பதை நமக்கு உணர்த்தவே என்று எனக்குத் தோன்றுகிறது.

வேப்பிலையும் சிறுபீளையும் ஆவாரம்பூவும் சேர்ந்துதான் காப்புக் கட்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் நிலையில் செருகும் வழக்கம் இல்லை. நம் உடலுக்குரிய காப்பும் அத்தகையதே. அளவான உணவு, நாள்தோறும் நடை, மருத்துவர் தந்த மருந்து, தவறாத பரிசோதனை ஆகியவற்றோடு ஒரு குவளை ஆவாரம்பூ தேநீரும் இருக்கட்டும். மற்றவற்றை எடுத்துவிட்டு அதை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டாம்.

வைத்தியநாதனும் தையல்நாயகியும் மூத்தோர் அனைவருக்கும் நோயற்ற வாழ்வும், தம் சந்நிதிகளை நடந்து வந்து காணும் கால் வலிமையும் அருள்வார்களாக!